முகாமில் ஒரு நீண்ட ஜெபம்

பெரம்பலூர் ஊரோரத்து இலங்கைத் தமிழர் முகாமில், தகரக் கூரை போட்ட ஜெபக்கூடத்து வாசலில் நிற்கிறேன். இங்கே பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு நடத்தும் போதகர் என் நண்பர். அவருக்குப் பழைய புத்தகங்கள் கொண்டுவந்திருக்கிறேன். பாதி நான் எழுதியவை, எங்கும் விலைபோகாதவை.

இன்று ஆள் சரிபார்ப்பு. பெயரைக் கூப்பிடும்போது குடும்பத் தலைவர் நேரில் நிற்காவிட்டால் பதிவிலிருந்து பெயர் போய்விடும். அரசு உதவியும் நின்றுவிடும். அதிகாரி வந்து உட்கார்ந்துவிட்டார். முகாமில் வசிக்கும் மேரியின் கணவர், பெயின்ட் அடிக்கப் போனவர், இன்னும் வரவில்லை.

“ஐயா, அவர் இப்பதான் சிறுவாச்சூரில பஸ் ஏறினவராம்,” என்கிறார் மேரி, போனைப் பொத்திக்கொண்டு.

“பயப்படாதீங்கம்மா, வந்துருவாரு,” என்று சொல்லிவிட்டு போதகர் அதிகாரியிடம் போகிறார். “சார், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சின்னதா ஒரு ஜெபம் பண்ணிக்கலாங்களா?”

அதிகாரி செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நிற்கிறார். எல்லோரும் கண் மூடுகிறோம். ஜெபம் முதலமைச்சரில் தொடங்கி, மழை, மக்காச்சோளம், சின்ன வெங்காயம், அரியலூர் சிமென்ட் லாரி ஓட்டுநர்கள் என்று ஒருவரையும் விடாமல் போகிறது. ஒரு ஜெபம் முடிந்துவிடக் கூடாதே என்று நான் வேண்டிக்கொள்வது இதுவே முதல்முறை. மெல்ல ஒற்றைக் கண்ணைத் திறக்கிறேன். அதிகாரியும் ஒற்றைக் கண்ணால் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

தலையெல்லாம் வெள்ளைப் பெயின்ட்டோடு ஒருவர் ஓடிவந்து வரிசையில் நிற்கிறார். கண் திறக்காத போதகர் அடுத்து ஆண்டிமடம் முந்திரிக்குப் போய்விட்டார்.

அதிகாரி போதகரின் தோளைத் தொடுகிறார். “ஆள் வந்துட்டாருங்க ஐயா. ஆமென் சொல்லுங்க.”