எனக்கென்று வாங்கிய கோல்ஃப் வண்டி

தென்காசியிலிருந்து குற்றாலம் எட்டிப் பிடிக்கிற தூரம்தான். பஸ்ஸில் இடம் பிடித்து, டிக்கெட் வாங்கி, மீதிச் சில்லறையைப் பர்ஸில் போடுவதற்குள் சாரல் முகத்தில் அடிக்க ஆரம்பித்துவிடும். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, மூன்று சீசனாக அருவியில் தலை நனைக்காமல் இருந்தவள் நான். எங்கெங்கோ இருந்து வேன் பிடித்து வந்து குளித்துவிட்டு, ஈரத்துண்டை ஜன்னலில் பறக்கவிட்டுக்கொண்டு எங்கள் தெரு வழியாகத்தான் திரும்பிப் போவார்கள். பார்த்தால் வயிறு எரியாதா?

ஸ்கூட்டரிலிருந்து விழுந்ததில் வலது தொடை எலும்பு முறிந்து, உள்ளே கம்பி வைத்திருக்கிறது. வீட்டுக்குள் கைத்தடி போதும். கொஞ்ச தூரம் நடந்தால் இடுப்பிலிருந்து பாதம் வரைக்கும் வலி பிடித்து இழுக்கும். சீசன் நாட்களில் காரையும் ஆட்டோவையும் அருவிக்கு வெகு முன்னாலேயே நிறுத்திவிடுவார்கள். அதற்கப்புறம் நடைதான். நனைந்த ரோடு, எண்ணெய் வழுக்கும் கல், இடித்துக்கொண்டு ஓடுகிற கூட்டம். அருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் போதும், பெண்கள் பக்கத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நான் நின்றுவிடுவேன். நடுவில் கிடக்கிற அந்தத் தூரம்தான் என் பிரச்சினை.

என் கணவருடைய தம்பி குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறார். போன வருஷம் சீசன் தொடங்குவதற்கு முன்னால், கேரளாவில் ஏதோ ஒரு ரிசார்ட்டில் கழித்துப் போட்ட கோல்ஃப் வண்டியை வாங்கி, ஆரியங்காவு வழியாக லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். எனக்குப் போன் வந்தது.

"மதினி, ஒங்களுக்காவத்தான் வாங்கிருக்கேன். இனிமே நீங்க நடக்கவே வேண்டாம். அருவி வாசல்ல கொண்டு எறக்கி விடுதேன்."

பூஜைக்கு என்னைத்தான் முன்சீட்டில் உட்கார வைத்தார். சந்தனம், குங்குமம், மாலை, நாலு சக்கரத்துக்கும் கீழே புளியங்குடி எலுமிச்சம்பழம். வண்டி சத்தமே இல்லாமல் நகர்ந்து பழங்களை நசுக்கிக்கொண்டு, லாட்ஜ் வாசலிலிருந்து கேட் வரைக்கும் போய்த் திரும்பியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே இறங்கச் சொல்லிவிட்டார்கள். மதுரையிலிருந்து ஒரு டாக்டர் குடும்பம் வந்து பெட்டியோடு நின்றுகொண்டிருந்தது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் மாற்றுச் சேலையும் துண்டும் பையில் எடுத்துக்கொண்டு நானும் என் கணவரும் போவோம். லாட்ஜ் வரவேற்பறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவேன். வண்டி எங்கே என்று கேட்டால், இப்போதுதான் ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது, இந்தா வந்துவிடும் என்பார்கள். வரும். வந்ததும் வேறு நாலு பேர் ஏறுவார்கள். என் கணவர் தங்கமான மனுஷர். "சரி விடு, அடுத்த வாரம் பாப்போம்" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவர் மேலேயே எரிச்சல் வந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள். சும்மா உட்கார வராது. நாற்காலியில் காத்துக்கிடந்த நேரத்தில் போனில் இந்த வண்டியின் பூர்வீகத்தைத் தேடிப் படித்தேன். கோல்ஃப் ஆடுவதற்கென்று செய்ததுதான் கோல்ஃப் வண்டி என்று நினைத்திருந்தேன். இல்லையாம். இரண்டாம் உலகப் போருக்கு முன்னால் அமெரிக்காவில், நடக்க முடியாதவர்கள் கடைகண்ணிக்குப் போய்வர மூன்று சக்கர மின்சார வண்டிகள் ஓடியிருக்கின்றன. கால் முடியாத கோல்ஃப் பிரியர்கள் அந்த மாதிரி வண்டியில் ஏறி மைதானத்துக்குப் போயிருக்கிறார்கள். ஆரம்பத்தில் கிளப்புகள் முகம் சுளித்தன. புல் கெட்டுப்போகும், நடந்து ஆடினால்தான் ஆட்டம் என்று நியாயம் பேசின. நடக்க முடியாது என்று டாக்டர் சீட்டு கொண்டுவந்தால்தான் உள்ளே விடுவோம் என்று சில இடங்களில் சொல்லியிருக்கிறார்கள். அப்புறம் நல்ல கால் உள்ளவர்கள் ஒருமுறை உட்கார்ந்து பார்த்தார்கள். சுகமாக இருந்தது. வாடகையும் வரத் தொடங்கியதும் கிளப்புகளுக்குப் புல்லைப் பற்றிய கவலை போய்விட்டது. மூன்று சக்கரம் நான்கானது. பெட்ரோலில் ஓடுவதும் வந்தது. கூரை வந்தது, மட்டைப் பை கட்டப் பின்னால் பட்டை வந்தது, காபி டம்ளர் வைக்கக்கூடக் குழி வந்தது. மைதானத்தை விட்டு வெளியே வந்து விமான நிலையம், ஆஸ்பத்திரி, ரயில்வே பிளாட்பாரம் என்று ஊர் ஊராகப் போய், நம்மிடம் வரும்போது பேட்டரி கார் ஆகிவிட்டது.

நொண்டிக்கென்று வந்த வண்டியில் நல்ல காலுள்ளவன் ஏறிக்கொண்டதுதான் மொத்த வரலாறும். நொண்டி என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறது. கம்பி என் தொடையில்தான் இருக்கிறது.

அத்தனை வருஷத்து வரலாற்றையும் என் கொழுந்தன் ஒரே சீசனில் நடத்தி முடித்துவிட்டார். மட்டைப் பை கட்டுகிற பட்டையில் கேஸ் சிலிண்டர் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்யாண ஜோடி ஒன்று வண்டியில் சாய்ந்தும் குனிந்தும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை நன்றாகத்தான் நடந்தான், பெண் இன்னும் நன்றாக நடந்தாள். இன்னொரு நாள் வாழைத்தாரும் இலைக்கட்டும் முன்சீட்டில் உட்கார்ந்து வந்து இறங்கின. நான் உட்கார வேண்டிய அதே இடத்தில். அன்றைக்கு எனக்குப் பொறுக்கவில்லை.

"தம்பி, நானும் டாக்டர் சீட்டு வாங்கிட்டு வரட்டுமா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டேன்.

அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "என்ன மதினி இப்படிச் சொல்லுதிய! யாருக்கு வாங்குன வண்டி அது? வார ஞாயித்துக்கெழம ஒங்களுக்கு மட்டுந்தான். வேற ஒரு ஆளு ஏற மாட்டான்."

அந்த ஞாயிறும் வந்தது. வண்டி வாசலில் நின்றது. பின்சீட்டில் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏற்கனவே உட்கார்ந்திருந்தது. "ஒரே வழிதான மதினி, பாவம்" என்றார் கொழுந்தன். சண்டை போட்டால் இன்றைக்கும் போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். ஓட்டுவதற்குக் கொழுந்தனே உட்கார்ந்தார், பக்கத்தில் முன்சீட்டில் நான் ஏறினேன். என் கணவர் பின்னால் ஒண்டிக்கொண்டார்.

தடுப்பில் நின்ற போலீஸ்காரர் கைத்தடியைப் பார்த்துவிட்டு விலகி வழிவிட்டார். கார்களெல்லாம் நிற்க நாங்கள் மட்டும் போனோம். நேந்திரங்காய் சிப்ஸ் வாசனை, மசாஜ் எண்ணெய் வாசனை, ஈரத்தலைகள். அருவிச் சத்தம் கேட்டது. எனக்குப் புல்லரித்தது. சின்ன ஏற்றம் ஒன்று வந்தது. வண்டி முனகியது, தயங்கியது, அப்படியே நின்றுவிட்டது.

கோயம்புத்தூர்க்காரர்கள் குதித்து இறங்கினார்கள். "பக்கம்தானே, நடந்துக்கறோம்" என்றார்கள். பக்கம்தான், அவர்களுக்கு. இறங்கினவர்கள் போன்களையும் வாட்சுகளையும் கழற்றி என் மடியில் வைத்தார்கள். "ஆன்ட்டி, நீங்க இங்கதானே இருப்பீங்க, கொஞ்சம் பார்த்துக்குங்க." ஆமாம், நான் வேறு எங்கே போகப்போகிறேன்?

என் கணவர் அருவிப் பக்கம் ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். "நீ வண்டியிலயே இரி. நான் ஓடிப்போயி தலைய நனைச்சிட்டு வந்துருதேன்." கையைப் பிடித்துக் கூட்டிப்போகட்டுமா என்று ஒரு பேச்சுக்குக்கூடக் கேட்கவில்லை. தங்கமான மனுஷர்.

கொழுந்தன் பின்னாலிருந்து ஒரு வெள்ளைக் கேனை எடுத்தார். "ஒண்ணுமில்ல மதினி, பத்து நிமிசத்துல சரி பண்ணிருதேன்" என்று சொல்லிவிட்டு அவரும் கூட்டத்துக்குள் போய்விட்டார்.

நான் இருந்தேன். ஓடுகிறவர்கள் எல்லாம் வண்டியை இடித்துக்கொண்டு ஓடினார்கள். ஒரு காற்று அடித்தது. சாரல் என் கன்னம் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. அழுகை வந்தது, அழுதேன். குற்றாலத்தில் அது ஒரு சௌகரியம், யாருக்கும் தெரியாது.

கொழுந்தன் சொட்டச் சொட்ட நனைந்து திரும்பி வந்தார். கையில் கேன் நிறையத் தண்ணீர். மூச்சு வாங்கிக்கொண்டே, "நேரா அருவியிலயே புடிச்சது மதினி" என்றார். எனக்கு மனசு இளகிவிட்டது. நாம்தான் இந்தப் பிள்ளையைத் தப்பாக நினைத்துவிட்டோம், நம்மால் போகமுடியாது என்று நமக்காகப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்று கையை நீட்டினேன்.

"கொஞ்சம் எந்திரிங்க மதினி" என்றார்.

"எதுக்கு?"

"பேட்டரி ஒங்க சீட்டுக்கு அடியிலல்லா இருக்கு. தண்ணி கொறஞ்சிருக்கு, ஊத்தணும்."

எங்கள் வீட்டு இன்வெர்ட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறவள் நான்தான். குழாய்த் தண்ணீரே ஆகாது. "தம்பி, இதையா பேட்டரிக்கு ஊத்துதிய?"

"சீசன் முழுக்க இதான் ஊத்துதேன்" என்றார் பெருமையாக. "மலையில மூலிகையெல்லாம் தொட்டுட்டு வார தண்ணி. மனுசனுக்கே மருந்து, பேட்டரிக்கு ஆவாதா?"

எனக்குச் சிரிப்பதா, அவர் மண்டையில் கைத்தடியால் ஒன்று போடுவதா என்று தெரியவில்லை. ஒரு சீசன் முழுவதும் என் வண்டி அருவியில் குளித்திருக்கிறது. குளித்தே செத்திருக்கிறது. ஒரு சொட்டு என் தலைக்கு வரவில்லை.

கேனை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். மூடி ஏற்கனவே திறந்துதான் இருந்தது. தலைக்கு மேலே தூக்கி, உட்கார்ந்த இடத்திலேயே கவிழ்த்துக்கொண்டேன். ஐஸ் மாதிரி உச்சியில் இறங்கி, கழுத்து, முதுகு, தொடை, கம்பி இருக்கிற இடம், பாதம் வரைக்கும் ஓடியது. தலையில் இடியாக இறங்கும் அந்த அடி இல்லை, சத்தம் இல்லை. ஆனால் அதே தண்ணீர். கேன் காலியாகிற வரைக்கும் நான் கண்ணைத் திறக்கவில்லை.

"மதினி, பேட்டரிக்கு!" என்று கொழுந்தன் கத்தினார். பிறகு என் மடியைப் பார்த்து, "ஐயோ, போனு!" என்றார். தூரத்தில் என் கணவர் தலையைத் துவட்டிக்கொண்டு வருவது தெரிந்தது.

"எந்திரிங்க மதினி, எந்திரிங்க" என்று கொழுந்தன் பதறினார்.

நான் எழுந்திருக்கவில்லை.