குதிரையால் விழுந்தவள்

செசியின் மகள் தொலைபேசியில், "அம்மா போட்டா அன்ரி" என்று சொன்னபோது நான் "எங்கை?" என்று கேட்டேன்.

முந்திய நாள் பின்னேரம்தான் ஒரு மணித்தியாலம் கதைத்திருந்தோம். ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது என்றாள். அடுத்த மாதம் கொழும்புக்கு வந்து என்னோடு பத்து நாள் நிற்கப்போகிறேன் என்றாள். அடுப்பில் சோறு கிடக்கிறது என்று சொல்லித் தொலைபேசியை வைத்தவள். ஆகவே அவள் எங்கோ பிரயாணம் போய்விட்டாள் என்றுதான் என் புத்தி எடுத்துக்கொண்டது. "எங்கை போட்டா? யாழ்ப்பாணத்துக்கோ?" என்று இரண்டாம் தரமும் கேட்டேன். அந்தப் பிள்ளை வாய்விட்டு அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. நெஞ்சுக்குள் என்னவோ செய்கிறது என்று கதிரையில் இருந்தவள், மகள் தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டாளாம். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

நான் நெடுந்தீவுக்குப் போய்ச் சேர மறுநாள் மத்தியானமாகிவிட்டது. குறிகட்டுவானில் படகு ஏறும்போதும் எனக்கு அழுகை வரவில்லை, அவள் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதும் வரவில்லை. பெட்டிக்குள் கண்ணை மூடிக் கிடந்தாள். நான் அவள் இமைகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். "பாவம், அதிர்ச்சியிலை நிக்குது" என்று யாரோ என் தோளைப் பிடித்துக் கதிரையில் இருத்தினார்கள். அது அதிர்ச்சிதான். ஆனால் அதற்குள் இன்னொன்றும் இருந்தது. செசி இப்படிக் கிடந்ததை நான் முன்னரும் ஒருமுறை பார்த்திருக்கிறேன். அதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

எண்பதுகளின் நடுப்பகுதி. எங்களுக்குப் பத்து வயது. நாங்கள் பிள்ளையார் கோயிலுக்குப் போகிறவர்கள், காணியும் மாடும் இருந்த வீடு. செசியின் வீட்டார் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், அவளுடைய தகப்பன், அவள் அப்பு என்று கூப்பிடுகிறவர், கடற்தொழில் செய்பவர். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பவர்கள். அந்தக் கிழமை கடலில் பிரச்சினை என்று படகுகள் ஓடவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வர வேண்டிய ஆசிரியர்கள் வராததால் பள்ளிக்கூடமும் நடக்கவில்லை. பெரியவர்கள் எல்லோரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிய, எங்களுக்கு அது பெருநாளாக இருந்தது.

எங்கள் வீட்டுக் கலண்டரில் ஒரு ராணி வெள்ளைக் குதிரையில் இருந்தாள். நெடுந்தீவில் பிறந்து, தெற்கு வெளியில் கேட்பாரில்லாமல் திரிகிற குதிரைகளை நாள்தோறும் பார்த்துக்கொண்டு, ஒன்றிலும் ஏறாமல் இருப்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது. குதிரை ஏறுவது என்று தீர்மானித்தது நான். ஏறுவது செசி என்று தீர்மானித்ததும் நான்தான்.

"முதல் நீ ஏறிக் காட்டு. பிறகு நான் ஏறுறன்" என்றேன்.

"உனக்குப் பயமெண்டு சொல்லன்."

"பயமில்லை. என்ரை சட்டை புதுசு."

அவள் என் சட்டையை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, "சரி, கயிறு கொண்டு வா" என்றாள்.

எங்கள் மாட்டுக் கொட்டிலில் அப்பா புதிதாக வாங்கிக் கொழுவியிருந்த கயிற்றை எடுத்து வந்தேன். கடும் கோடை. நீர்த்தொட்டியடியில் ஏழெட்டுக் குதிரைகள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. தொட்டிக்குப் பக்கத்தில் முருகைக்கற்களை அடுக்கிக் கட்டிய வேலி. செசி அதன்மேல் ஏறி, பூனை மாதிரிப் பதுங்கி நடந்து, வேலியோடு ஒட்டி நின்ற ஒரு சிவலைக் குதிரையின் கழுத்தில் கயிற்றைப் போட்டாள். மற்ற முனையைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டாள். அப்படிச் சுற்றச் சொன்னதும் நான்தான். என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டுக் குதிரையின் முதுகில் பாய்ந்தாள்.

அவள் அதில் இருந்ததை நான் சரியாகப் பார்க்கவேயில்லை. குதிரை ஒருமுறை துள்ளியது. அடுத்த கணம் அவள் தரையில் இழுபட்டுக்கொண்டு போனாள். இருபது முப்பது அடி போயிருக்கும். வேலி திரும்புகிற மூலையில் தலை கல்லில் அடிபட்ட சத்தம் கேட்டது. கயிறு குதிரையின் கழுத்திலிருந்து கழன்றது. குதிரைகள் எல்லாம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவிட்டன.

கிட்டப் போனேன். புருவத்துக்கு மேலே பிளந்து இரத்தம் காதுப்பக்கம் வடிந்துகொண்டிருந்தது. இடது கை, கை வளையக் கூடாத பக்கம் வளைந்து கிடந்தது. கண் மூடியிருந்தது. "செசி" என்று கூப்பிட்டேன். "எழும்படி, பகிடி விடாதை" என்றேன். அவள் அசையவில்லை. ஒரு இலையான் பறந்து வந்து அவள் கன்னத்தில் இருந்தது. அதற்கும் அவள் அசையவில்லை.

நான் ஓடினேன்.

மாதா கோயிலடியில் ஆட்கள் நின்றார்கள். அவர்களைக் கண்டு, மற்றப் பக்கத்து ஒழுங்கையால் ஓடினேன். வீட்டுக்கு வந்து கிணற்றடியில் கால் கழுவினேன். சட்டையில் இரத்தம் பட்டிருக்கிறதா என்று பார்த்தேன். அம்மா குசினியிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டா. போய் இருந்து சாப்பிட்டேன். "செசி எங்கை, இண்டைக்கு வரேல்லையோ?" என்று அம்மா கேட்டா. "தெரியாது" என்றேன். பிறகு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். இதை எழுதும்போது என் கை கூசுகிறது. ஆனால் அன்று எனக்கு உண்மையாகவே பசித்தது.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சென்றிருக்கும். ஒழுங்கையில் ஆட்கள் ஓடுகிற சத்தம் கேட்டது. மாடு தேடிப்போன ஒருவர் செசியைக் கண்டு தோளில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். "மூச்சிருக்கு, மூச்சிருக்கு" என்று யாரோ கத்தினார்கள். நான் சாப்பிட்டது முழுவதையும் முற்றத்தில் சத்தி எடுத்தேன். சினேகிதியை நினைத்துப் பிள்ளை துடிக்கிறது என்று அம்மா என் நெற்றியில் திருநீறு பூசினா.

நெற்றியில் தையல் போட்டார்கள். கையை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். ஆனால் படகு இல்லை. முறிவுக்கு மருந்து அரைத்துப் பத்துக் கட்டுகிற நாட்டு வைத்தியர், பரியாரியார்தான் பனை மட்டைச் சிம்பு வைத்துக் கட்டினார். அந்தக் கை பிறகு ஒருநாளும் முழுதாக நிமிரவில்லை. அவள் கலியாணப் படத்திலும் அது வளைந்துதான் இருக்கிறது. பிள்ளையைத் தூக்கி வைத்திருந்ததும் அந்த வளைவில்தான்.

கொஞ்ச நாள் கழித்து, அவளுடைய அப்பு அவளைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். மற்றக் கையில் கயிறு. அவர் தலையைக் குனிந்துகொண்டு, "கொட்டிலுக்குள்ளை எடுத்தவளாம். களவெடுக்கப் பழக்கேல்லை, ஐயா" என்றார்.

அப்பா செசியைப் பார்த்து, "உண்மையோ பிள்ளை? ஆர் உன்னோடை வந்தது?" என்று கேட்டார்.

"ஒருத்தரும் வரேல்லை. நான் தனியத்தான் போனனான். கயிறும் நான்தான் எடுத்தனான்."

"கேட்டிருந்தால் தந்திருப்பமே" என்றார் அப்பா. அவர் கோபப்படவில்லை. ஆனாலும் அதன் பிறகு கொஞ்சக் காலம், செசி எங்கள் வளவுக்குள் வந்தால் அம்மாவின் கண் அவள் கைமேல்தான் இருந்தது.

நான் அன்று அம்மாவின் சேலைக்குப் பின்னால் நின்றேன். செசி என்னைக் கண்டு, ஒன்றும் நடவாதது மாதிரி, "நாளைக்குப் பள்ளிக்கூடம் துறக்கினமாம், வாறியோ?" என்று கேட்டாள். மண்டையில் அடிபட்டால் நடந்தது மறந்துபோகும் என்று பரியாரியார் சொன்னதை நான் கேட்டிருந்தேன். அவளுக்கு மறந்துவிட்டது! எனக்கு வந்த சந்தோசத்துக்கு அளவில்லை. அவளுக்கு ஞாபகம் திரும்பி வரக்கூடாது என்று பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். உடைத்தும் விட்டேன். அந்தத் தேங்காயில் பாதியை நானும் அவளும்தான் தின்றோம்.

பிறகு இடம்பெயர்ந்தோம், ஒரே முகாமில் இருந்தோம், பிரிந்தோம். அவள் திரும்ப ஊருக்குப் போனாள், நான் கொழும்பில் நின்றுவிட்டேன். கிழமைக்கு இரண்டு தரம் கதைப்போம். எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்திருக்கிறேன். மறந்துபோனதை ஏன் கிளறுவான் என்று விட்டுவிட்டேன்.

செசியைச் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டு வந்த பிறகு, மகள் தேத்தண்ணி கொண்டுவந்து தந்து பக்கத்தில் இருந்தாள். அழுது வீங்கிய முகத்தில் சாடையாக ஒரு சிரிப்பு.

"அன்ரி, குதிரையாலை விழுந்த கதையை அம்மா எத்தினை தரம் சொல்லியிருப்பா தெரியுமோ? நீங்கள் ஓடின ஓட்டத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

"நான் ஓடினதோ?"

"ஓம். அம்மாவுக்கு மயக்கமே வரேல்லையாம். விழுந்த உடனை நோவு தெரியேல்லை, சும்மா உங்களை வெருட்டுவம் எண்டு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவவாம். இலையான் வந்து இருக்க, சிரிப்பை அடக்கிக்கொண்டு கிடந்தவவாம். பிறகு எழும்பப் பாத்தா ஏலாது. கூப்பிடவும் குரல் வரேல்லை. நீங்கள் ஓடுறதைக் கண்டவ. ஆக்களைக் கூட்டிக்கொண்டு வரத்தான் ஓடுறியள் எண்டு, வழியைப் பாத்துக்கொண்டு கிடந்தவவாம்."

அந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை இது எனக்கும் தெரிந்த பழைய பகிடி. என் முகத்தைப் பார்க்காமலே சொல்லிக்கொண்டு போனாள்.

"'அன்ரி ஏன் திரும்பி வரேல்லை எண்டு நீங்கள் கேக்கேல்லையோ அம்மா?' எண்டு நான் ஒருநாள் கேட்டனான். 'கேட்டால் வெக்கத்திலை அவள் என்னோடை சேரமாட்டாளடி. எனக்கு வேறை ஆர் இருந்தது?' எண்டவ."

அழுகை அப்போதுதான் வந்தது. செசிக்காக அழுகிறேன் என்று எல்லோரும் வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்கள்.

நான் ஓடியதும், மாதா கோயிலடியைக் கண்டு விலகியதும், கால் கழுவியதும் எனக்கு இப்போதும் ஒவ்வொன்றாக ஞாபகம் இருக்கிறது. ஓடும்போது ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தேனா என்பதுதான் ஞாபகம் இல்லை. பார்த்திருந்தால் திறந்த கண்ணைக் கண்டிருப்பேன். ஆனால் செத்துப்போன ஒருத்தி என் வழியைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள் என்று பத்து வயதில் எனக்குத் தோன்றவில்லை.