தீவில் மோர் இருக்கிறது

1. வெயிலில் ஒரு சைட்

டில்லியில் மத்திய அரசு இன்ஜினியரிங் ஆபீஸ் ஒன்றில் எனக்கு வேலை கிடைத்தபோது, என் பதவியின் பெயர் டிராஃப்ட்ஸ்மேன். பெண்ணாயிற்றே என்று யாரும் அதைத் திருத்தவில்லை. எழுபதுகளின் பிற்பகுதி அது. லக்ஷ்மிபாய் நகரில் அக்கா வீட்டில் தங்கியிருந்தேன். திருநெல்வேலியில் பாலிடெக்னிக் முடித்துவிட்டு வந்தவளுக்கு, அத்தான் கற்றுக்கொடுத்த இந்தி பஸ் கண்டக்டரிடம் சண்டை போடுகிற அளவுக்கு இருந்தது. மற்றதற்கெல்லாம் கையை ஆட்டிச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கொடுத்த முதல் பெரிய டிராயிங், ஊருக்கு வெளியே இருந்த ஓர் ஏரி. நடுவில் சின்னத் தீவு. அதைப் பிக்னிக் ஸ்பாட் ஆக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. கரையிலிருந்து தீவுக்கு மண் கொட்டி ஓர் அப்ரோச் ரோடு, தீவின் ஓரத்தில் நாலைந்து குடில்கள், அவ்வளவுதான் திட்டம். மரம் எதையும் வெட்டப்போவதில்லை என்று எஸ்டிமேட்டில் தனியாக ஒரு வரி வேறு இருந்தது. நல்ல காரியம்தானே என்று நானும் டிரேசிங் கிளாத்தை விரித்து, ரோட்டை அழகாக இரண்டு கோடு இழுத்து வரைந்தேன்.

வரைகிறபோதுதான் லெவல் கணக்கு உதைத்தது. கரையோரத்தில் தண்ணீர் மட்டம் ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொரு தாளில் வேறு மாதிரியும் இருந்தது. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். மே மாதம். டில்லியில் லூ என்று ஒரு காற்று அடிக்கும்; அடுப்பங்கரைக் கதவைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, அந்தச் சூடு. சேலைத் தலைப்பைத் தலையில் போர்த்திக்கொண்டு அளவுச் சங்கிலி பிடிக்கிற செயின்மேனோடு போய் நின்றேன். முதல் ரீடிங் எடுப்பதற்குள் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஏரிக்குக் காவலாக ராம்தன் என்று ஒரு சௌகிதார். வேப்ப மரத்தடியில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். தீவைக் காட்டி, அங்கே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

"மோர் ஹை, பெஹன்ஜி," என்றார். "பஹுத் மோர்."

பஹுத் என்றால் நிறைய. எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஏரியில் எருமைகள் மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு கிடந்தன. எருமை இருக்கிற இடத்தில் மோர் இருப்பதில் என்ன அதிசயம்? தீவில் மாட்டுக்காரர்கள் குடிசை போட்டுக் கடைந்து விற்கிறார்கள் போலிருக்கிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, டிபன் டப்பாவைக் கழுவி எடுத்துக்கொண்டு, என்னைக் கூட்டிப்போகச் சொன்னேன். ராம்தனிடம் ஒரு தட்டைப் படகு இருந்தது. சேற்றில் மூங்கிலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார்.

தீவில் இறங்கியதும் ஆள்காட்டிக் குருவிகள் தலைக்கு மேலே வட்டமடித்து என்னைத் திட்டித் தீர்த்தன. மோர்க்காரரைத் தேடினேன். முட்புதர் விலகி, தோகையை இழுத்துக்கொண்டு ஒரு மயில் நடந்து போனது. அதன் பின்னால் இன்னொன்று. "தேக்கியே, மோர்," என்று ராம்தன் பெருமையாகக் காட்டினார். இந்தியில் மோர் என்றால் மயில்.

கையில் டப்பாவோடு நின்ற என்னை அவர் விநோதமாகப் பார்த்தார். எதற்கு டப்பா என்பதைச் சைகையால் விளக்கினேன். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தன் சுரைக்குடுவையிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே சுற்றிப் பார்த்தேன். கள்ளிக்கும் கருவேலத்துக்கும் நடுவில், ஒரு புதரடியில் பெண்மயில் ஒன்று அசையாமல் முட்டைமேல் உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் தள்ளிச் சரளையில் ஆள்காட்டியின் முட்டைகள், கூழாங்கல்லோடு கூழாங்கல்லாக. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். தாகம்கூட மறந்துவிட்டது.

கரையில் இதெல்லாம் கிடையாது, நாய்கள் விடாது என்றார் ராம்தன். அப்போதுதான் நான் வரைந்த இரண்டு கோடுகள் நினைவுக்கு வந்தன.

2. வாக்கியம் தமிழ், ஒரு சொல் இந்தி

எங்கள் எக்ஸிக்யூட்டிவ் இன்ஜினியர் விஸ்வநாதன் கும்பகோணத்துக்காரர். நல்ல மனிதர், ஆனால் மார்ச்சுக்குப் பிறகு கூலர் இல்லாத இடத்துக்கு அவரை நகர்த்த முடியாது. டில்லியில் இருபது வருஷம் இருந்தும் ஒரு விஷயத்தை மட்டும் அவர் மன்னிக்கவில்லை: இந்த ஊர்க்காரர்கள் தயிரில் சர்க்கரை போடுகிறார்கள். யார் அவருக்கு லஸ்ஸி கொடுத்தாலும் அன்று முழுக்க ஆபீஸில் அதே புலம்பல்தான்.

எஸ்டிமேட் அவர் மேஜையில் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டால் மறுவாரமே மண் லாரி போய்விடும். நான் சேர்ந்து சில மாதம்தான். வேலை நிரந்தரமாக அவர்தான் எழுதித் தர வேண்டும். அவரிடம் போய் உங்கள் ரோடு தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று மட்டும் கேட்டேன்.

"ஜனவரியிலேயே பாத்தாச்சே. முள்ளுச்செடியைத் தவிர அங்கே என்ன இருக்கு?"

ஜனவரியில் எல்லாரும் தண்ணீரில் மிதக்கிற வாத்தைத்தான் பார்த்திருப்பார்கள். முட்டையிடும் பருவம் வராததால் தீவு அப்போது சும்மாதான் கிடக்கும். இதை எப்படி விளக்குவது என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"மோர் இருக்கு சார். நெறைய மோர்."

அவர் பேனாவை மூடினார். "மோரா? இந்த வெயில்லயா?"

"இந்த வெயில்லதான் சார் நெறைய."

நான் பொய் சொல்லவில்லை. வாக்கியம் தமிழ், ஒரு சொல் மட்டும் இந்தி. டில்லித் தமிழர்கள் எல்லாரும் அப்படித்தானே பேசுகிறோம். மறுநாள் காலை அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தபோது, கையில் சொந்தமாக ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருந்தார்.

3. யாருக்கு ரோடு

படகிலிருந்து இறங்கி மயிலைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. டம்ளரைப் பார்த்தார், மயிலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் நிரந்தர வேலை ஏரியில் மூழ்கிவிட்டது என்றே நினைத்தேன். ராம்தன் வேறு நேரங்காலம் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் எதிர்க்கரைக்கு ஒரு நாய் வந்தது. தீவுக்கும் கரைக்கும் இடைவெளி குறுகலாக இருந்த இடம் அது. காலை வைத்துப் பார்த்தது. சேறு முழங்கால்வரை இழுத்தது. பின்வாங்கிக் காலை உதறிக்கொண்டு, இந்தப் பக்கம் பார்த்துக் குரைத்தது. புதரடியில் பெண்மயில் தலையை மட்டும் தாழ்த்திக்கொண்டு உட்கார்ந்தபடியே இருந்தது. நாய் இன்னும் இரண்டு முறை முயன்று பார்த்துவிட்டு, அலுத்துப் போய்த் திரும்பிவிட்டது.

விஸ்வநாதன் சார் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். "நம்ம ரோடு எங்கே வர்றது?"

நாய் நின்ற இடத்தைக் காட்டினேன்.

அவர் நாய் போன திசையைப் பார்த்தார். பிறகு, "அப்போ நாய்க்குன்னா ரோடு போடறோம்," என்றார்.

அந்தச் சேற்றிலேயே ஒரு கல்லைப் போட்டு, அது உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆபீஸுக்குத் திரும்பியதும் இங்கிலீஷில் குறிப்பு எழுதினார்: மண்ணின் தாங்குதிறன் போதாது, அப்ரோச் ரோடு நிற்காது. அது உண்மையும்கூட. மயில் என்ற சொல்லே அதில் வரவில்லை. ரோட்டுக்குப் பதிலாக அந்தக் குறுகலான இடத்தைத் தூர் வாரி ஆழப்படுத்துவது, வாரிய மண்ணைக் கரையிலேயே மேடாகக் கொட்டி அதன்மேல் குடில்கள் கட்டுவது என்று புதிய எஸ்டிமேட் போனது. மேலிடம் கேட்டது பிக்னிக் ஸ்பாட், அது கிடைத்துவிட்டது. மேட்டில் உட்கார்ந்தால் தீவு நன்றாகத் தெரியும். நான் இழுத்த இரண்டு கோடுகளையும் பிளேடால் சுரண்டி எடுத்தேன். டிரேசிங் கிளாத்தில் தழும்பு விழுந்தது, ஹெட் டிராஃப்ட்ஸ்மேன் திட்டினார், எனக்குச் சிரிப்பாக வந்தது.

தூர் வாரி மேடும் எழும்பி, மழை தொடங்கிய பிறகு ஒருநாள் சார் தானாகவே ஜீப்பை எடுக்கச் சொன்னார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கறிவேப்பிலை வாங்கிப் போட்டு, அவர் வீட்டு மாமி இஞ்சி தட்டிக் கலந்து கொடுத்த மோர் ஒரு தூக்கு நிறைய வந்தது. பெண்மயில் தன் குஞ்சுகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு தீவின் விளிம்பில் மேய்ந்ததை மேட்டிலிருந்து பார்த்தோம். சார் ராம்தனுக்கும் ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். ராம்தன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, சர்க்கரை இருக்கிறதா என்று கேட்டார். சார் அவரை மன்னித்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. ஓர் இடத்தை உங்களுக்குச் சௌகரியமான பருவத்தில் பார்த்துவிட்டுப் படம் வரையாதீர்கள். அந்த இடத்துக்கு வேலை இருக்கிற பருவத்தில் போய்ப் பாருங்கள், வியர்த்தாலும் பரவாயில்லை.

சார் மாற்றலாகிப் போன பிறகு எத்தனையோ அதிகாரிகள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அந்தத் தீவுக்கு ஒரு ரோடு போட்டால் என்ன என்று கட்டாயம் ஒருமுறை தோன்றும். மே மாதம் வரை பொறுத்திருந்து, நான் அவரவர் மொழியில் அதே வாக்கியத்தைச் சொல்வேன்: அங்கே மோர் இருக்கு சார். வடக்கத்திக்காரர் மயில் பார்க்க வருவார், தமிழர் தாகத்தோடு வருவார். யாரும் ஏமாந்து திரும்பியதில்லை. மோர்த் தூக்கு என் கையில் இருக்கும்.