பீலியில் வந்த சிவப்பு

திருவிழாவுக்காக முனி கோயில் சுவரில் பட்டை அடித்து முடித்தபோது சிவப்பு எண்ணெய்ப் பெயின்ட் அரை டின் மிஞ்சியது. பிரஷ் கழுவிய தின்னரையும் அதிலேயே ஊற்றி வைத்திருந்தேன்.

"குப்பையில போட்டுறாத தம்பி, சாமிக்கு வாங்குனது. ஓடுற தண்ணியில விட்டுரு" என்றார் கோயில் தலைவர்.

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வாடிய மாலையோ உடைந்த விளக்கோ, சாமியுடையது எதுவானாலும் ஓடைக்குத்தான் போகும். உயர்தர வகுப்பில் இரசாயனவியல் படித்த நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. எனக்கு எதுவும் சட்டென்று முடிய வேண்டும். விடிகாலைப் பனியில் போய்க் கவிழ்த்துவிட்டேன்.

அது தண்ணீரில் கலக்கவில்லை. நரம்பு நரம்பாகப் பிரிந்து, கல்லைத் தடவித் தடவி, வழி தெரிந்ததுபோல் இறங்கியது. அதுவரை கத்திக்கொண்டிருந்த தவளைகள் ஓய்ந்துவிட்டன.

எங்கள் கீழ் லயத்து வரிசை வீடுகளுக்கு ஓடைத் தண்ணீர் வரும் குழாயான பீலிக்கு ஓடினேன். எனக்கு முன்பே அது வந்திருந்தது. குழாய் நுனியில் சிவப்பு தொங்கியது. குடங்களைக் கீழே வைத்துவிட்டுப் பத்துப் பேர் அதையே பார்த்து நின்றார்கள்.

"முனி ரத்தம் கக்குது" என்றாள் கொழுந்துக் கூடையோடு நின்ற பெண். "புள்ள பெத்து முப்பது நாளு முடியாம கோயில மிதிச்சா சும்மா விடுமா?"

எல்லோரும் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவைப் பார்த்தார்கள். அவள் கையில் இருபது நாள் பிள்ளை. முந்தின நாள் கிளினிக் போய் வரும்போது, மழைக்குக் கோயில் கூரையடியில் ஒதுங்கியிருந்தாள்.

"மழைக்குத்தாங்க நின்னேன். எம்புள்ளைக்கு ஒன்னும் ஆகாதுல்ல?"

நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அப்படியும் நினைத்தேன்.

"அது பெயின்ட்டுங்க. நான்தான் ஊத்துனேன்."

"படிச்ச புள்ள, பாவம், அவளக் காப்பாத்தப் பொய் சொல்லுது" என்றாள் கூடைக்காரி.

கையை நீட்டிக் காட்டினேன். நகங்களில் சிவப்பைக் கண்டதும் கூட்டம் ஓரடி பின்னால் போனது.

அக்கா மட்டும் கிட்டே வந்து என் விரலை மோந்தாள். தின்னர் வாடை. அழுதபடியே நறுக்கென்று தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

"மூதேவி! இப்ப எந்தத் தண்ணியடா குடிக்கிறது?"

மேல் பீலியிலிருந்து நாள் முழுக்கத் தண்ணீர் சுமந்தேன். டின் அடியில் தங்கியிருந்ததில் மணலும் மரத்தூளும் கொட்டிக் கிளறி, வெளியில் திறந்து வைத்துக் காயவிட்டேன். கல்லாக இறுகிய பிறகு, பிரதேச சபைக் குப்பை வண்டிக்காரரிடம் இன்னதென்று சொல்லிக் கொடுத்தேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

இப்போதும் அக்கா பிள்ளையோடு வந்தால் சிலர் ஓரமாக ஒதுங்குகிறார்கள்.

"பெயின்ட்டுதாங்க அது" என்கிறாள் அவள்.

"ஆமாங்க, ஆமாங்க" என்று தலையாட்டுகிறார்கள். கிட்டே மட்டும் வருவதில்லை.