கோர்ட்டுத் துண்டு

எங்கள் தோட்டத்தில் துண்டு, அதாவது சீல் குத்திய சீட்டு, இல்லாமல் ஒன்றும் நடக்காது. காய்ச்சலுக்கு மருந்து வேண்டுமா, துண்டு வாங்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போக வேண்டும். கல்யாணத்துக்கு லீவு வேண்டுமா, ஆபிசில் துண்டு. நாங்கள் குடியிருக்கும் லயத்துக் கூரைக்குத் தகரம் வேண்டுமா, அதற்கும் ஒரு துண்டு. தகரம் வராது, துண்டு வரும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை. சீல் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் மலையில் பிறந்த எங்களுக்கு இதுதான் சட்டக் கல்வி.

அந்தக் கல்வியோடுதான் அக்கா கோர்ட்டுக்குப் போனாள். அவள் புருஷன் ஒரு சண்டையில் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு போய், கொடகவெலப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் இருந்த தன் அம்மாவிடம் விட்டுவிட்டான். அவனும் அங்கே இருக்கவில்லை. கொழும்பில் ஏதோ கடையில் வேலை என்று போய்விட்டான். போலீசில் சொன்னோம். குடும்ப விஷயம், கோர்ட்டுக்குப் போங்கள் என்றார்கள். அக்கா ரப்பர் பால் வெட்டப் போவாள், வருவாள், சோற்றைப் பிசைந்துவிட்டு எழுந்துவிடுவாள். நான் அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பான ஏ.எல்.லில் இருந்தேன். சிங்களம் வாசிப்பேன் என்பதால் துணைக்கு என்னைக் கூட்டிப் போனாள்.

வசதியில்லாதவர்களுக்கு இலவசமாக லோயர் பிடித்துக் கொடுக்கும் காரியாலயம் ஒன்று கோர்ட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அக்காவின் சம்பளச் சீட்டை வாங்கிப் பார்த்தார்கள். அது தீபாவளி மாதச் சீட்டு. தோட்டம் கடனாகக் கொடுத்த தீபாவளி அட்வான்சும் அதில் வரவாக ஏறியிருந்தது. அதையும் கூட்டிப் பார்த்தால் அக்கா ஏழை இல்லை. கடன் வாங்கியே பணக்காரியான ஒருத்தியை நான் நேரில் பார்த்தது அன்றைக்குத்தான். அது கடன் என்று நான் சொல்லிப் பார்த்தேன். வேறு மாதச் சீட்டை வைத்து மறுபடியும் எழுதிப் போடுங்கள், பதில் வரும் என்றார்கள். எழுதிப் போட்டோம். பதில் வரும்வரை பிள்ளை வளராமல் இருக்குமா?

அக்காவின் தோடு அடகுக்குப் போயிற்று. மனு எழுதிய லோயருக்குப் போக மிச்சத்தைக் கோர்ட்டுக் கட்டணமாகக் கட்டினோம். கவுன்டரில் யாழ்ப்பாணத்து கிளாக்கர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர். அக்கா நோட்டுகளை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்து ஆறுதல் சொன்னார்.

"இஞ்ச பாருங்கோ பிள்ளை, இது வீணாப் போற காசில்லை. ஏழையளுக்காகத்தான் கட்டணத்தையே கூட்டினவங்கள். ஒரு பங்கு வசதியில்லாத சனத்துக்கு லோயர் வைக்க, ஒரு பங்கு நீதிபதிமாரைப் போட."

ஆக, இலவச லோயர் கிடைக்காத அக்கா, இலவச லோயருக்காகத் தோட்டைக் கொடுத்தாள். கர்ணனே அன்று எங்கள் பின்னால்தான் வரிசையில் நின்றிருக்க வேண்டும். கிளாக்கர் பற்றுச்சீட்டை எழுதி, ஊதா மையில் வட்டமாக சீல் குத்திக் கொடுத்தார். அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

லோயருக்கும் வைத்தாயிற்று, நீதிபதிக்கும் வைத்தாயிற்று. நீதிபதி மட்டும் வரவில்லை. இருந்தவர் மாற்றலாகிப் போய்விட்டார். வர வேண்டியவர் வந்துகொண்டிருந்தார், எந்த பஸ்சில் என்று யாருக்கும் தெரியவில்லை. மூன்று முறை போனோம். மூன்று முறையும் சிங்களத்தில் "கல் தாலா" என்றார்கள், வழக்கை வேறு நாளுக்குத் தள்ளித் தவணை போட்டாயிற்று என்று அர்த்தம். ஒவ்வொரு தவணைக்கும் அக்காவுக்கு ஒரு நாள் சம்பளம் போயிற்று.

நாலாவது தவணைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா பற்றுச்சீட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

"கெளம்பு. புள்ளய கூட்டியார போறோம்."

"கோர்ட்டுல இன்னும் ஒண்ணும் சொல்லலயே அக்கா?"

"சொல்லாமத்தான் சீல் அடிச்சு துண்டு குடுத்தாங்களா?"

அந்த இடத்திலேயே நான் விளக்கியிருக்க வேண்டும். விளக்கவில்லை. அவள் முகத்தில் அத்தனை மாதம் கழித்து ஒரு தெளிவு இருந்தது, அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவிசாவளையில் ஒரு பஸ், இரத்தினபுரியில் ஒரு பஸ் என்று மாறி மாறி கொடகவெல போய்ச் சேர்ந்தோம்.

அவள் மாமியார் லேசுப்பட்ட ஆள் இல்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றார். அக்கா துண்டை நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து சீலைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ படிச்ச புள்ள. என்னான்னு போட்டிருக்கு?"

பணம் பெற்றுக்கொண்டோம் என்று போட்டிருந்தது. வழக்கு நம்பர் இருந்தது. அவ்வளவுதான்.

"கோர்ட்டு துண்டுதாங்க அத்தை" என்றேன். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

அவரும் தோட்டத்து மனுஷிதானே, துண்டை மீறிப் பேசத் தெரியாது. உள்ளே போய்ப் பிள்ளையின் சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து ஒரு பிளாஸ்டிக் சிலிசிலி பேக்கில் போட்டார். பிள்ளைக்குத் தலை வாரிவிட்டார். வாசல்வரை வந்து அக்காவிடம் கேட்டார்:

"வந்து பாக்கணும்னா எனக்கும் ஒரு துண்டு குடுப்பாங்களாம்மா?"

அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலிறங்கினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. திரும்பும் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நாலாவது தவணைக்கு நீதிபதி வந்தே விட்டார். புருஷன் வரவில்லை. பிள்ளை யாரிடம் என்று கேட்டார், என்னிடம்தான் என்றாள் அக்கா. தாயிடமே இருக்கட்டும் என்றார். ஐந்து நிமிஷம் ஆகவில்லை. பிள்ளை எப்படி வந்தது என்று அவர் கேட்காததற்கு நான் சாமியைக் கும்பிட்டேன். உத்தரவு ஃபைலுக்குள் போயிற்று. அக்கா கையில் ஒன்றும் தரவில்லை.

வெளியே வந்தால் கிளாக்கர் கூப்பிட்டார், முகமெல்லாம் சிரிப்பு. எங்களுக்கு இலவச சட்ட உதவி கிடைத்துவிட்டதாம், வழக்கு முடிந்த அதே நாளில். அக்கா ஏழைதான் என்று அரசாங்கம் கடைசியில் ஒப்புக்கொண்டுவிட்டது.

"கட்டின காசு திரும்பக் கிடைக்கும் பிள்ளை. அந்தப் பற்றுச்சீட்டைத் தாங்கோ."

அக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அத குடுத்துட்டா புள்ளைக்கு என்ன துண்டுங்கய்யா இருக்கு?"

"உது காசு கட்டின சீட்டுத்தானே பிள்ளை. வேற ஒண்டும் அதில இல்லை."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு கவுன்டர் பக்கம் குனிந்தாள்.

"காசு வேணாங்கய்யா. அந்தக் காசுக்கு அதே மாதிரி சீல் அடிச்சு இன்னொரு துண்டு போட்டுக் குடுங்க. எங்க அத்தைக்கு. அவங்களும் வந்து புள்ளய பாத்துட்டுப் போகட்டும்."