மேனேஜருக்கு மூன்று குஞ்சு

தையல்காரி ஒன்றைப் பிடித்தால் லேசில் விடமாட்டாள். நாலு கடையில் கைவிரித்த கிழிசல் கோட்டைக்கூட, "வெச்சுட்டுப் போங்க" என்று வாங்கிக்கொள்கிற ரகம். அவள் வீட்டில் வளர்ந்த வாத்தும் அதே ரகம்தான். சாதாரண வாத்து இல்லை, நீண்ட கழுத்துக் கூஸ். வருகிறவர் போகிறவரையெல்லாம் வழிமறித்து விசாரிப்பதால் அதற்கு மேனேஜர் என்று பேர்.

கேட் திறந்து கிடந்த ஒரு நாள், மேனேஜரின் ஜோடி ரோட்டுக்குப் போய் லாரியில் அடிபட்டுச் செத்தது. அதற்குப் பிறகு இது வெட்டுத்துணிப் பெட்டிக்குள் முட்டையிட்டு அடைக்கு உட்கார்ந்ததுதான், எழுந்திருக்கவே இல்லை. தையல் மெஷின் பல்பு வெளிச்சத்தில் முட்டைகளைப் பிடித்துப் பார்த்தாள் தையல்காரி. அத்தனையும் கூமுட்டை, பொரியாது. முன்னால் தீனி வைத்தாலும் ஏதோ பேருக்குக் கொத்தும். எலும்பும் தோலுமாகி, சீறுவதைக்கூட விட்டுவிட்டது.

"சாகப் போறதைக் கட்டிக்கிட்டு அழாதே. நாளைக்குக் கறிக்கடைக்காரரை வரச் சொல்லியிருக்கேன்," என்றான் புருஷன்.

"வரட்டும். உங்க கழுத்தை நீட்டுங்க!"

அன்றே பண்ணைக்கு ஓடி, புதிதாய்ப் பொரிந்த மூன்று கூஸ் குஞ்சுகளை வாங்கிவந்தாள். "பொழுது சாயும்போது பின்பக்கமா இறக்கைக்கு அடியில விடும்மா. அப்புறம் முட்டையை ஒவ்வொண்ணா உருவிடு," என்று பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். அப்படியே விட்டாள். ஆனால் கடைக்கு வருகிற துணிக்கெல்லாம் அடையாள நூல் கட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? குஞ்சுகள் காலிலும் ஆளுக்கொரு சிவப்பு நூல் முடிச்சு.

மேனேஜர் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. அவ்வளவுதான், லபக்கென்று ஒரு குஞ்சின் காலைக் கவ்வி வெளியே இழுத்துப் போட்டது. அடுத்ததையும் அப்படியே. இரண்டும் கீச்கீச்சென்று அலறின.

"பாத்தியா? கொன்னே போட்டுடும். எடு அதுங்களை!" என்றான் புருஷன்.

"எடுக்கமாட்டேன்."

திரும்ப வைத்தாள். திரும்ப இழுத்துப் போட்டது. தடுக்கப் போனவளின் முன்கையிலும் ஒரு கடி. அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாய் வந்தன. ஆனாலும் இடத்தைவிட்டு நகரவில்லை, வெளியே கிடந்த குஞ்சுகளை மடியில் அள்ளிக்கொண்டு பெட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மடியில் நடுங்குவது இரண்டு குஞ்சுதான். அப்படியானால் மூன்றாவது எங்கே?

இறக்கைக்கு அடியிலிருந்து ஒரு குட்டி அலகு எட்டிப் பார்த்தது. குனிந்து பார்த்தாள். சொகுசாய் ஒண்டியிருந்த அதன் காலில் நூல் இல்லை. அவிழ்ந்து துணியோடு துணியாய்க் கிடந்தது.

"அட, என் புத்தியே! அது குஞ்சைக் கொத்தலைங்க. இந்தச் சிவப்பு நூலைக் கொத்துது!"

கத்திரியை எடுத்து இரண்டு நூலையும் நறுக்கிவிட்டு, குஞ்சுகளை மறுபடி பின்பக்கமாய் விட்டாள். மேனேஜர் குனிந்து பார்த்தது. தொண்டைக்குள் என்னவோ முணுமுணுத்தது. பிறகு இறக்கையை அகட்டி இடம் கொடுத்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கூமுட்டைகளை ஒவ்வொன்றாய் உருவினாள்.

காலையில் கறிக்கடைக்காரர் சாக்குப் பையோடு கேட்டைத் திறந்தார். உள்ளே தீனித் தட்டு காலி. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் குஞ்சுகளோடு நின்ற மேனேஜர், அவரைக் கண்டதும் கழுத்தை நீட்டி உஸ்ஸென்று சீறிக்கொண்டு பாய்ந்தது. பாவம் மனுஷன், ரோட்டில் போய்த்தான் நின்றார்.

"இதையா சாகக் கிடக்குன்னீங்க?" என்று அங்கிருந்தே கேட்டார்.

புருஷன் தலையைச் சொறிந்தான். தையல்காரி வாசற்படியில் உட்கார்ந்து, வீங்கிய முன்கையால் ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டாள்.

"அண்ணே, அந்தக் கேட்டைச் சாத்திட்டுப் போங்க," என்றாள். "குஞ்சுங்க ரோட்டுக்கு ஓடிடும்."