கண்களின் குறுக்கே ஓடிய தையல்

பாதி பிளேடு ஒன்று தையலுக்குள் நுழைந்து நூலை அறுக்கிறது. இடது கை வெள்ளைத் துணியை இழுத்துப் பிடிக்க, வலது கை மூன்று கண்ணி விட்டு ஒரு கண்ணி வெட்டிக்கொண்டு போகிறது. துணியில் கீறல் விழக்கூடாது.

நேற்றுத் தைத்து முடித்த பதினாறு அடித் தையலைத்தான் முன்ஸிர் இப்போது பிரிக்கிறார்.

தண்ணீரூற்று என்ற ஊரில், லொறிகளை மழைக்கு மூடும் தறப்பாள் தைப்பவர் அவர். தொண்ணூறாம் ஆண்டில் இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்தபோது, பழைய தறப்பாள்களைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துத் தானாகவே பழகிய தொழில். நூலகத்துக் கௌசலா டீச்சர், மைதானத்தில் போடப்போகும் பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் திரை கேட்டா. முன்ஸிர் இரண்டு துணிகளைத் தறப்பாளுக்குப் போலவே தடிப்பாக மடித்து மூட்டிவிட்டார்.

இன்று காலை கடைக் கதவை மூடிப் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பெண்ணின் முகம். மடிப்பின் நிழல் அவளுடைய கண்களுக்குக் குறுக்கே கறுப்பாக ஓடியது.

“மழைக்கு ஒரு சொட்டு ஒழுகாது, டீச்சர்,” என்றார் முன்ஸிர், குரல் இறங்கி.

“மழை வந்தா படமே இல்லை, நானா. பயப்படுத்துற படம் எண்டாலும் இதில பேயும் வராது, பிசாசும் வராது. தனிய இருக்கிற அந்தப் பொம்பிளைக்குத் தன்ர மனசிலயே சந்தேகம். பயம் முழுக்க அந்தக் கண்ணிலதான்.”

இரவல் புரொஜெக்டர் நாளை விடியக் கிளிநொச்சிக்குப் போய்விடும். இன்று ஏழு மணிக்குப் போடாவிட்டால் படம் இல்லை.

“நாலரைக்கு வாங்கோ,” என்றார் முன்ஸிர்.

“முப்பது வருசமா மழைக்குப் பயந்து தைச்ச கை. சும்மா தை எண்டா கேக்குமா?” என்று மனைவி ஜொஹறா சிரித்தா.

“கதையை விட்டிட்டு அயன்பெட்டியைச் சூடாக்கு.”

மடிப்பை விரித்து, கரையோடு கரை முட்டவைத்து, பின்பக்கத்தால் கைத்தையல் போட்டார். மெல்லிய ஊசி அவருக்குப் பழக்கமில்லை. இரண்டு தரம் குத்தியது. இரத்தம் துணியில் படாமல் விரலை வாய்க்குள் வைத்துக்கொண்டார். தைத்த இடத்தை ஜொஹறா ஈரத்துணி போட்டு அயன்பெட்டியால் அழுத்திக்கொண்டே வந்தா.

நாலரைக்கு டீச்சர் மீண்டும் முகத்தைப் போட்டா. முன்ஸிர் குனிந்தபடியே நின்றார்.

“அல்லாஹ்வே! இந்தப் பொம்பிளை என்னையேதான் பாக்கிறா. நிப்பாட்டுங்கோ டீச்சர்!”

ஜொஹறா இப்படிக் கத்தித் தன் முகத்தைப் பொத்திய பிறகுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு கண்களும் முழுதாக இருந்தன. தையல் எங்கே போகிறதென்று தைத்தவருக்கே தெரியவில்லை. அன்றைக்கு முதல் தடவையாக அவருக்குப் பசித்தது.

திரையை ஒரு நீளக் குழாயில் சுற்றிக் கட்டினார்.

“மடிக்காதேங்கோ டீச்சர், இப்பிடியே கொண்டுபோங்கோ,” என்று இரண்டு கையாலும் தூக்கிக் கொடுத்தார்.